வெள்ளியை வெட்டிய கோடு

கல்முனை பசாரில் எங்களுக்கு ஒரு ஸ்டூடியோ இருந்தது. ஆண்களை என் வீட்டுக்காரர் கடையில் வைத்துப் படம் எடுப்பார். பெண்களை, சாய்ந்தமருதில் எங்கள் வீட்டு அறையொன்றில் வெள்ளைச் சீலை கட்டி, நான் எடுப்பேன். படம் கழுவுவது இருவரும் சேர்ந்து. அடையாள அட்டைக்கு என்று ஊரே முகத்தைக் கொண்டுவந்து எங்களுக்கு முன்னால் நீட்டிய காலம் அது. அப்படி முகம் பிடித்துச் சோறு தின்ற மனுசன் திடீரென்று வானத்தைப் பிடிக்கக் கிளம்பினார். அதுவும் சும்மா வானம் அல்ல. அந்தியில் மேற்கே நிற்கும் வெள்ளிக் கிரகத்துக்கு நேர் முன்னால், மனுசர் வானத்துக்கு ஏவிவிட்ட ஒரு செய்மதி குறுக்கே போக வேண்டும். அந்த ஒரு படம்தான் அவருக்கு வேண்டும்.

"உங்களுக்கென்ன, விசரா?" என்று கேட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "ஓடுற பொட்டும் நிக்கிற பொட்டும் ஒண்டுக்கு மேல ஒண்டு வாற நாளப் பார்த்து எப்ப எடுக்கிற?"

"வரும் புள்ள," என்றார்.

அவர் கமராவை நிறுத்திய இடம் எங்கள் மகளின் வீடு. எங்கள் கரையில் கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்குத்தான் குடிவருவார். ஆகவே வீடு பெண்பிள்ளைக்கு. பிள்ளைக்குப் பால்பல் விழ முன்னமே அத்திவாரம் வெட்டிவிடுவோம்; நெல் விற்ற வருஷம் சுவர் எழும்பும், விளையாத வருஷம் சுவர் நிற்கும். எங்களுக்கு ஒரே மகள். வளவின் மேற்குக் கோடியில், வயலைப் பார்த்தபடி அவளுக்கு வீடு கட்டினோம். சூறாவளி வந்த அதே வருஷம்தான் அதற்கு ஓடு ஏற்றினோம்.

நாங்கள் இருந்த வீடு தென்னோலைக் கிடுகுக் கூரை. காற்று கிடுகை உரித்து எறிந்தபோது பக்கத்து வளவில் இருந்த என் தங்கச்சியும் அவளுடைய மகளும் ஓடி வந்தார்கள். எல்லோருமாக மகளின் கல்வீட்டுக்குள் போனோம். அந்த இரவில் ஊரில் எல்லோரும் கல்வீட்டைத் தேடித்தான் ஓடினார்கள். யாரையும் குற்றம் சொல்ல இடமில்லை. பிள்ளைகள் இரண்டும் ஒரே பாயில் படுத்திருந்தன. முகட்டு வளைமரம் முறிந்து ஓடுகளோடு இறங்கியது. தங்கச்சியின் மகள் எழும்பினாள். என் மகள் எழும்பவில்லை.

உடைந்த ஓடுகளை அள்ளி வெளியே போட்டோம். மரங்களை யாரோ விறகுக்குக் கொண்டுபோனார்கள். சுவர்கள் நின்றன, உள்ளே புல் முளைத்தது. அந்தித் தொழுகையான மஃரிபு நேரத்தில் அந்தப் பக்கம் போனால் எனக்கு வளை முறிகிற சத்தம் கேட்கும். முறிவதற்கு அங்கே ஒன்றுமில்லை, கூரையே இல்லை. ஆனாலும் முதலில் மெல்லிய நெறுநெறுப்பு, பிறகு நீளமான ஒரு கிறீச். அதற்குப் பிறகு வர வேண்டிய சத்தம் வராது. அதுதான் என்னைக் கொன்றது. தண்ணீர் ஓதித் தெளித்தோம், அவள் பேரில் கத்தம் ஓதிச் சோறு கொடுத்தோம். சத்தம் நிற்கவில்லை. அவருக்கும் கேட்கிறதா என்று நான் விசாரிக்கவே இல்லை. ஓம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம்.

படப் பைத்தியம் பிடித்தது ஒரு நோன்புப் பிறை பார்க்கும் அந்தியில். எங்கள் ஊருக்குக் கடல் கிழக்கே. பிறையை வயலுக்கு மேலேதான் தேட வேண்டும். எங்கள் வளவு வயலோரம் என்பதால் அயலவர் எல்லோரும் வந்து நின்றார்கள். இவர் பிறையைப் படம் எடுக்கிறேன் என்று தனியாக மகளின் வீட்டுக்குள் போய்விட்டார். மேற்கே அடிவானத்தைப் பனிப்புகார் மூடியிருந்தது. பிறை இல்லை. மேலே வெள்ளி மட்டும் பளிச்சென்று நின்றது. எல்லோரும் கலைந்து போகிற நேரம் உள்ளே இருந்து, "கண்டன்! கண்டன்!" என்று ஒரு கத்தல்.

பிறை தேடும் அந்தியில் ஒருவன் அப்படிக் கத்தினால் எங்கள் ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பொடியன்மார் பள்ளிவாசலுக்கு ஓடினார்கள். எந்த வீட்டிலோ விடியுமுன் உண்ணும் சஹருக்கு அரிசியும் களைந்து போட்டாயிற்று. சற்று நேரத்தில், பள்ளிவாசலில் எங்கள் குடிக்குப் பொறுப்பான மரைக்கார் இரண்டு பேரோடு சாட்சி எடுக்க வந்து நின்றார்.

"எந்தப் பக்கம் சாஞ்சு இருந்த?" என்று கேட்டார்.

"சாயல்ல, ஓடிச்சு," என்றார் இவர். "வெள்ளிக்குக் கிட்டப் போய், ஒரு நூல் தூரத்துல தப்பிப் போயிட்டு. செய்மதி."

மரைக்கார் தலையில் கை வைத்துக்கொண்டார். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு வெட்கத்தில் முகம் எரிந்தது. ஆனால் மரைக்கார் ஏசவில்லை. சுற்றிவரச் சுவர்களைப் பார்த்தார், மேலே பார்த்தார், பக்கத்தில் நின்ற என் தங்கச்சியின் மகளைப் பார்த்தார். அவள் அந்த வருஷம்தான் பெரிய பிள்ளையாகியிருந்தாள்.

"இஞ்ச ஒரு குமர் நிக்கிது. இந்த வீடு மழையிலயும் வெயிலுலயும் சும்மா கிடக்குது," என்றார். "அல்லா தந்தத அல்லா எடுத்துக்கிட்டான். ஓட்டப் போட்டு இந்தப் புள்ளைக்குக் குடுங்களன்."

தங்கச்சிக்கு வாயெல்லாம் பல். அவளுடைய புருஷன் கூலிக்கு வயல் செய்கிறவர். அவர்களால் தனியாக ஒரு வீடு கட்ட ஏலாது என்பது எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் என் வீட்டுக்காரரைப் பார்த்தார்கள்.

"குடுக்கிறன்," என்றார் அவர். "கூரை போட்டா இஞ்ச நிண்டு வானம் பாக்க ஏலா. அந்தப் படத்த ஒருக்கா எடுத்திடுறன். எடுத்த அடுத்த நாள் கூரை போட ஓடாவியாரக் கூப்பிடுவன்."

ஒரு மாசமோ இரண்டு மாசமோ என்று நினைத்துச் சம்மதித்தார்கள். பாவம், வானத்தைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? எனக்கே தெரியாது. வெள்ளி சில மாசம்தான் அந்தியில் நிற்கும். பிறகு காணாமல் போய், விடியலில் கடலுக்கு மேலே வரும். அந்தியில் நின்ற மாசங்களிலும் ஒரு நாள் முகில், ஒரு நாள் மழை, ஒரு நாள் செய்மதி வடக்கால் போகும், ஒரு நாள் வரவே வராது. வந்தாலும் வெள்ளிக்கு மேலாலோ கீழாலோ போய்விடும். வருஷங்கள் போயின. பிலிம் பிலிமாகக் கழுவினோம். எல்லாவற்றிலும் ஒரு கோடு ஒரு பக்கம், வெள்ளி மறுபக்கம்.

"விடியச்சாமத்துல கடற்கரையில நிண்டு எடுக்கலாமே?" என்று ஒரு முறை கேட்டேன். "அங்க மறைப்பே இல்லையே."

"கடல்காத்துல கமரா ஆடும்," என்றார்.

அவருடைய கமரா எந்தக் காற்றிலும் ஆடாது.

தங்கச்சி மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்து, கூரையில்லாத வீட்டைப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. இன்னொன்று வந்தது, அதுவும் போனது. தங்கச்சி என் முகத்தைப் பார்த்துக் கதைப்பதைக் குறைத்துக்கொண்டாள். நான் ஊர் கேட்க அவரை ஏசினேன். "ஒரு குமர்ர வாழ்க்கைய விட இவருக்கு வானத்துப் பொட்டுத்தான் பெருசு" என்று மரைக்காரின் மனைவியிடமே சொன்னேன். பிறகு நாடு கெட்டது. அந்தியில் வெளியே நிற்பதே ஆபத்தான நாட்கள் வந்தன. "ஆமி கண்டா அதத் துவக்கெண்டு நினைப்பான்" என்று அயலவர் புத்தி சொன்னார்கள். அவர் கறுப்புத் துணியால் கமராவை மூடிக்கொண்டு மறுபடியும் சுவருக்குள் போய் நின்றார். நான் குசினி வாசலில் நின்று, அவருடைய முதுகையும் அந்தச் சத்தத்தையும் சேர்த்துக் காவல் காத்தேன்.

அப்படி ஒரு அந்தியில் அவர் வழமையைவிட நேரத்தோடு உள்ளே வந்தார். கத்தவில்லை. "கழுவுவம்," என்று மட்டும் சொன்னார்.

இருட்டறையில் மருந்துத் தட்டில் கடதாசியை நான்தான் ஆட்டினேன். சிவப்பு வெளிச்சத்தில் முதலில் சுவரின் விளிம்பு வந்தது. பிறகு வெள்ளி. கமராவின் கண்ணை இரண்டு நிமிஷம் திறந்து வைப்பதால் அது பொட்டாக விழாது. நகர்ந்த தூரத்துக்கு ஒரு நெல்மணி அளவில் நீண்டு விழும். கடைசியில் செய்மதியின் கோடு வந்தது. மூலைக்கு மூலை நூல் பிடித்த மாதிரி வந்து, அந்த நெல்மணியை நடுவால் வெட்டிக்கொண்டு போயிருந்தது.

அவர் மர வாங்கில் உட்கார்ந்தார். சந்தோஷப்படுகிற ஆள் மாதிரி உட்காரவில்லை. மையித்து எடுத்த வீட்டில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார்.

"அப்ப நாளைக்கு ஓடாவியாரக் கூப்பிடுறன்," என்றார்.

அந்த நேரம் எனக்குச் சத்தம் கேட்டது. இவ்வளவு காலமும் அந்த வளவுக் கோடியில் மட்டும் கேட்டது, முதல் முறையாக எங்கள் வீட்டுக்குள்ளே கேட்டது. கூரை ஏறினால் அந்தச் சத்தத்துக்கு முறிய ஒரு வளை கிடைத்துவிடும் என்று நினைத்தேன். இத்தனை வருஷமும் படம் வரக்கூடாது என்று இருந்தது அவர் மட்டும் அல்ல என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"இது சரியில்ல," என்றேன்.

"என்ன சரியில்ல?"

"கோடு கோட்ட வெட்டுது, ஓம். ஆனா செய்மதி அந்த இடத்தால போகக்குள்ள வெள்ளி அந்த இடத்துலதான் நிண்டிச்செண்டு எப்பிடிச் சொல்லுற? வெள்ளி ரெண்டு நிமிஷமா நகர்ந்திருக்கு. செய்மதி முன்னுக்கே போயிருக்கலாம். வெள்ளி பொறகு வந்திருக்கலாம். இது வெள்ளிக்கு முன்னால போன படம் இல்ல."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குக் கண் இருந்தது. கமராவுக்குப் பக்கத்தில் நின்று, செய்மதி வெள்ளிக்கு மேலே ஏறி இறங்கியதை அவர் கண்டிருப்பார். அதை அவர் சொல்லவில்லை.

"ஓம் புள்ள," என்றார். "இது இல்லதான்."

அடுத்த நாள் காலையில் தங்கச்சியின் மகள் வந்தாள். அவர் நேரத்தோடு உள்ளே வந்ததை வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து கண்டிருக்கிறார்கள். உம்மா விசாரித்துவரச் சொன்னாளாம். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

"பெரியும்மா, படம் வந்திட்டா?"

அவர்தான் சொன்னார். "இல்ல மகள். இந்த முறையும் சரிவரல்ல."

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாள் என்று ஓடிப்போய்த் தோளைப் பிடித்தேன். ஏமாந்துபோன பிள்ளைக்கு என்ன ஆறுதல் சொல்வது என்று தெரியாமல், "அடுத்த முறை வந்திரும்கா" என்றேன்.

"வேணா பெரியும்மா," என்றாள். "ஒவ்வொரு மஃரிபுக்கும் நான் துஆக் கேக்கிற, அந்தப் படம் வந்திரக்கூடாதெண்டு. அந்த வீட்டுக்குள்ள என்னப் படுக்கப் போட்டிராதீங்க. நான் அவள்ர கையப் பிடிச்சிக்கிட்டுத்தான் கிடந்தன்."