முப்பத்தொன்றாம் அறை

ஓரத்தில் துளைகள் உள்ள அந்த அச்சுத்தாள் என் நாட்குறிப்புக்குள் இருக்கிறது. வரிசையாக நாற்பது அறை எண்கள். எல்லாவற்றுக்கும் மேலே, நீல மையில், கையால் எழுதிய 31.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் கணினி வேலை பார்த்தேன். தீப்பிடித்தால் ஆட்களை வெளியேற்ற எந்த அறைக்கு முதலில் ஓடுவது என்று ஒரு பட்டியல் கேட்டார் போர்மேன். ஒன்று முதல் நாற்பது வரை அடித்துக் கொடுத்தேன்.

“என்ன கம்ப்யூட்டர்காரரே, ஒண்ணு ரெண்டு மூணுன்னு அடிச்சிருக்கீக? தீ என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா, வரிசையில வர?” என்று சிரித்தார். “நான் இல்லாத அன்னைக்கும் எவனாச்சும் இதப் பாத்து ஓடணும்ல.”

பிறகு விதிகளைச் சொன்னார். வெடிமருந்து கலக்கும் அறைகள் முதலில். அடுத்து, அவற்றை ஒட்டிய அறைகள். மற்றவற்றில் வாசலுக்குத் தூரமானது முன்னால். “ஆனா முப்பத்தொண்ணு எல்லாத்துக்கும் மொதல்ல.” காரணம் கேட்பதற்குள் லோடு லாரி வந்தது, போய்விட்டார்.

இரண்டு எண்களில் எது முந்தியது என்று சொல்லும் நிரலை மூன்று நாள் எழுதினேன். 31 மட்டும் இடித்தது. அது காகிதக் குழாய் சுற்றும் அறை. மருந்தே கிடையாது, வாசலுக்கும் பக்கம். வாய் தவறிச் சொல்லியிருப்பார் என்று நானே முடிவுசெய்து அந்த ஒரு வரியை நீக்கினேன். 31 கடைசிக்குப் போனது. பட்டியல் எனக்குத் திருத்தமாகத் தெரிந்தது.

அவர் சாத்தூர் போயிருந்த ஒரு மதியம், கழிவுக் காகிதக் குழியிலிருந்து தீ பரவியது. சங்கு ஊதியது. காவலாளி என் தாளைப் பிடித்துக்கொண்டு அறை அறையாக ஓடினார். கடைசியாக 31-க்கு வந்தபோது உள்ளே காகிதக் கட்டுகள் எரிந்துகொண்டிருந்தன. அங்கே தனியாக வேலை பார்த்த பெண்ணை வெளியே இழுத்தார். உயிர் தப்பியது. இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்துவிட்டன.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து அந்தத் தாளோடு நேராக என் மேசைக்கு வந்தார் போர்மேன்.

“முப்பத்தொண்ணு எங்க தம்பி?”

“விதிக்கு ஒத்துவரல, அண்ணாச்சி.”

“அவளுக்குக் காது கேக்காதுல்ல.”

திட்டவில்லை. என் பேனாவை எடுத்துப் பட்டியலுக்கு மேலே 31 என்று எழுதி, தாளை வைத்துவிட்டுப் போனார். அந்தப் பெண் பிறகு குழாய் சுற்ற வரவில்லை.

இத்தனை ஆண்டுகளாக யார் யாருக்கோ எண்களை வரிசைப்படுத்தி அலுத்துவிட்டது. இன்று தாளை மறுபடி விரித்தேன். மடிப்புகளில் அச்சு மங்கி, பாதி எண்களைப் படிக்க முடியவில்லை. மேலே அவர் எழுதிய 31 அப்படியே இருக்கிறது. கடைசி வரியில் நான் அடித்த 31-உம்.