பூச்சி கம்மி

என் மகள்களில் பெரியவளுக்கு ரத்தத்தில் நோய். அதற்காகச் சின்னவளின் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜை எடுத்து அவளுக்கு ஏற்றினார்கள். நல்லபடியாகப் பிடித்துக்கொண்டது என்று சொல்லி எங்கள் ஊர் நைனார்பாளையத்துக்கு அனுப்பிவைத்தார்கள். பிள்ளைகளே, பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

கிருமி அண்டக் கூடாது என்று தினமும் மூன்று தரம் பினாயில் போட்டு வீட்டைத் துடைத்தோம். முதலில் எறும்பு போனது. பிறகு ஈ. பல்லிச் சத்தமும் நின்றது. பட்டப்பகலில் எங்கள் வீடு மட்டும் ஆளில்லாத வீடு மாதிரி கிடந்தது.

ஒரு நாள் காலையில் பெரியவளின் உள்ளங்கையும் பாதமும் சிவந்திருந்தன. வயிறு தண்ணீராகப் போனது.

“தங்கச்சி உள்ள பூந்துக்கினு என்னிய அடிக்கிறா பா,” என்று சிரித்தாள்.

அடுத்த அறையிலிருந்த சின்னவள், “நான் ஒண்ணியும் பண்ணலியே,” என்றாள். தான் அசைந்தால் அக்காவுக்கு எரியும் என்று நினைத்தாளோ என்னவோ, கையைக் கட்டிக்கொண்டு சிலை மாதிரி உட்கார்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். நர்சம்மா, “அவ வயித்துப் பூச்சிங்கள கவனிக்கணும்ங்க. ஒடனே கூட்டிக்கினு வாங்க,” என்றார்.

எங்கள் பக்கம் வயிற்றுப் பூச்சி என்றால் புழுதான். புழுவைக் கவனிப்பது என்றால் கொல்வது. கார் வருவதற்குள் வேப்பங்கொழுந்தை அரைத்து டம்ளரில் கரைத்தேன்.

“எந்தப் பூச்சி பா? அதையும் நான்தான் குடுத்தனா?” என்று சின்னவள் கேட்டாள். நர்சம்மாவுக்கு மறுபடி போன் போட்டு, புழுவுக்கு வேப்பங்கொழுந்து கரைத்து வைத்திருப்பதைச் சொன்னேன்.

“குடுத்துட்டீங்களா?”

“இன்னும் இல்லீங்க.”

“கீழ வையுங்க. பூச்சி ஜாஸ்தின்னு நான் சொல்லல. கம்மின்னு சொல்ல வந்தேன்.”

உளுந்தூர்பேட்டை தாண்டி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபிறகு டாக்டர் விளக்கினார். நம் குடலில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள் குடியிருக்கின்றன. மஜ்ஜை ஏற்றிய நாட்களில் வந்த காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்தில் கெட்டதோடு நல்லதும் செத்திருக்கும். புதிதாக வந்த தங்கையின் அணுக்களைச் சாந்தமாக வைப்பதில் அந்த நல்லவற்றுக்கும் பங்கு உண்டாம். அவை இல்லாத இடத்தில், அந்த அணுக்கள் அக்காவின் உடம்பையே அந்நியம் என்று நினைத்துத் தாக்கலாம். அதனால் மட்டும்தான் இப்படி ஆனது என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார். பச்சை இலைச் சாற்றிலிருக்கும் கிருமியை இப்போது அவள் உடம்பு தாங்காது என்றார்.

அணுக்களின் வேகத்தை அடக்க மருந்து ஏற்றினார்கள். பல நாள் கழித்து வயிற்றுப்போக்கு நின்றது. அரை இட்லி தின்றாள். டாக்டர் தலையாட்டிவிட்டுப் போனதும், அவளைக் கேட்டுக்கொண்டு அவள் வயிற்றின் மேல் காதை வைத்தேன். உள்ளே ஏதோ நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது.

“இன்னா பா கேக்குது?”

“ஆளுங்க குடி வந்துக்கினு இருக்காங்க,” என்றேன்.

“எத்தினி பேரு?”

“எண்ண முடியல. நீ பேசாத படு, அவங்க வரட்டும்.”