டப்பாவில் எழுதிய ‘க’

போன வெள்ளிக்கிழமை காலை, காப்பிக்கடைத் தொலைபேசிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். “காதர் பாய் மௌத்தாயிட்டாரு. ஜும்மா முடிஞ்சு அடக்கம்” என்றார் அவருடைய மைத்துனர். துக்கத்துக்கு முன்னால் எனக்குப் பயம்தான் வந்தது. எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்ததை, கடைசி நேரத்தில் யாரிடமாவது சொல்லியிருப்பாரோ?

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைக்குப் பின்னால், கார்களுக்குப் பெயிண்ட் அடித்து மெருகேற்றும் பட்டறையில் ஒன்றாக வேலை பார்த்தோம். காதர் பாய்க்கு என் வயதுதான், பயந்த சுபாவம். எந்தப் பாலிஷையும் முதலில் தம் கட்டைவிரல் நகத்தில் தேய்ப்பார். நகம் மங்கினால் அது கரடு, கீறல் எடுக்க மட்டும். மிஷினில் மாட்டும் கம்பளியைக் கன்னத்தில் ஒற்றிப் பார்ப்பார். “பெயிண்டு வெங்காயத்தோல் மாதிரிண்ணே. போனா போனதுதான்லா” என்பார். நாங்கள் கேலி செய்வோம்.

நான் சேர்ந்த மாதம் ஒரு வக்கீலின் கறுப்புக் கார் வந்தது. மத்தியானம் மகள் கல்யாணத்துக்குப் போக வேண்டிய வண்டி. கீறல் எடுத்தாகிவிட்டது, கடைசி மெருகு என் பொறுப்பு. ஒரு டப்பாவில் ‘க’ என்று எழுதியிருந்தது. ‘கடைசி’ என்று நினைத்துவிட்டேன். காதர் பாய் ‘க’ என்று குறித்தது ‘கசார்’, மலாயில் கரடு. கெட்டிக் கம்பளியை மாட்டி அழுத்தினேன். பானெட் விளிம்பில் கறுப்பு போய், அடிப்பூச்சின் சிவப்பு தெரிந்தது.

முந்தின வாரம்தான் ஒரு கதவுக் கீறலுக்காகத் தவுக்கே, அதாவது முதலாளி, ஒருவரை வேலையை விட்டு விரட்டியிருந்தார். பட்டறை மாடியில்தான் நான் தங்கியிருந்தேன். வேலை போனால் படுக்க இடமும் போய்விடும்.

யார் செய்தது என்று தவுக்கே மலாயில் கத்தினார். நான் குனிந்து மிஷினிலிருந்து கம்பளியைக் கழற்றத் தொடங்கினேன். காதர் பாய் நடுங்கிக்கொண்டே இரண்டு எட்டு முன்னால் போய், “சாயா பூஞா சாலா, தவுக்கே” என்றார். என் தப்பு என்று அர்த்தம்.

பழைய ஆள் என்பதால் விரட்டாமல், அன்றே அவரிடமிருந்து மிஷினைப் பிடுங்கிக்கொண்டு கார் கழுவ அனுப்பினார்கள். வருஷக்கணக்கில் வாளியும் துணியுமாக நின்றார். “எழுத்து என்னோடதுதானே, விடுங்கண்ணே” என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

அடக்கத்தில் பழைய கூட்டாளி ஒருவர், “வக்கீல் காரைக் கெடுத்தாரே, அவருதானே?” என்று கேட்டார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. இப்போது நான் ஒரு பட்டறைக்கு மேஸ்திரி. பேர் கெட்டுவிடுமே என்ற பயம்.

நடுங்கிக்கொண்டு அவர் முன்னால் வைத்த அந்த இரண்டு எட்டுதான் என்னிடம் மிஞ்சியிருக்கிறது. பயத்தோடுதான் இதை எழுதுகிறேன். பாயை அறிந்தவர்களே, அந்தக் காரைக் கெடுத்தவன் நான்.