இருட்டாக இருக்க வேண்டிய குழாய்

ஐதராபாத் குகட்பள்ளியில் நான் மளிகை வாங்கும் கடையில் ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால், கல்லாக்காரர் அதை ஒரு சின்ன ஊதா விளக்கின் அடியில் பிடித்துப் பார்ப்பார். எல்லோரும் நோட்டைப் பார்ப்பார்கள். நான் அவருடைய சட்டைக் கையைப் பார்ப்பேன். இந்தக் கிறுக்கு எனக்கு ஆய்வுக்கூடத்து அக்காவால் வந்தது.

அக்கா கோயம்புத்தூர்க்காரர், என்னைவிட ஒரு வயது மூத்தவர். ஐதராபாத்தே மென்பொருள் மென்பொருள் என்று பறந்த காலத்தில் நாங்கள் இருவரும் டி.என்.ஏ.வைக் கட்டிக்கொண்டு அழுதோம். டி.என்.ஏ. என்றால் முறுக்கிய இரட்டை இழை என்றுதான் பள்ளியில் படித்திருப்போம். சில இடங்களில் அது நான்கு இழையாக மடிந்து முடிச்சுப் போட்டுக்கொள்ளும். அந்த முடிச்சைக் கண்டால் மட்டும் ஒட்டிக்கொண்டு நீலமாக ஒளிரும் ஒரு சாயத்தை அக்கா உருவாக்கியிருந்தார். "எரியறது பெருசில்ல, எரியக்கூடாத எடத்துல எரியாம இருக்கோணும்" என்பார்.

அக்காவின் ஆராய்ச்சி உதவித்தொகையை நீட்டிப்பதா வேண்டாமா என்று குழு முடிவு செய்யும் நாள் வந்தது. மறுத்துவிட்டால் ஆராய்ச்சிக்கு முழுக்கு, அமீர்பேட்டில் கம்ப்யூட்டர் வகுப்பு. அக்கா தங்கியிருந்தது தன் அண்ணன் வீட்டில். "இந்த வாட்டியும் இல்லைன்னா போதும் கண்ணு, விட்டுட்டு வந்துரு" என்று அவர் கறாராகச் சொல்லியிருந்தார். அப்படிச் சொன்ன மனிதரே முந்தின நாள் அக்காவின் மங்கிப்போன வெள்ளைக் கோட்டைப் புதுச் சோப்புத்தூளில் ஊறவைத்துத் துவைத்து, இஸ்திரியும் போட்டுக் கொடுத்தார்.

திரைகளை இழுத்துவிட்டு விளக்கை அணைத்தோம். மேசைமேல் ஊதா விளக்கு, அதன் முன் மூன்று சோதனைக் குழாய்கள். நான்கிழை இருந்த குழாய் அழகாக ஒளிர்ந்தது. இரட்டை இழைக் குழாய் இருட்டு. சாயமும் தண்ணீரும் மட்டும் இருந்த மூன்றாவதும் இருட்டுத்தான். ஆனால் குழுவினர் நன்றாகப் பார்க்கட்டும் என்று அக்கா அதைக் கையில் தூக்கி நெஞ்சருகே பிடித்துக் காட்டியபோது, அது நீலமாக மினுங்கியது.

"ஏன்டம்மா இதி?" என்று குழுவில் மூத்தவர் தெலுங்கில் கேட்டார். என்னம்மா இது என்று அர்த்தம். யாரோ பேனாவை மூடும் சத்தம் கேட்டது. தண்ணீரிலேயே ஒளிர்கிற சாயத்தை வைத்துக்கொண்டு எந்த முடிச்சைக் கண்டுபிடிப்பது?

அக்கா குழாயை மெல்லத் தள்ளிப் பிடித்தார், இருண்டது. மறுபடி நெஞ்சருகே கொண்டுவந்தார், மினுங்கியது. "அய்யோ, கோட்டு!" என்று தமிழிலேயே கத்தி, அதைக் கழற்றி என்மேல் எறிந்தார். துணியைப் பளிச்சென்று காட்ட சோப்புத்தூளில் சேர்க்கிறார்களே, அதுவும் ஊதா விளக்கில் ஒளிர்கிற சாயம்தான். எல்லோரும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்ததில், பின்னாலிருந்த கோட்டின் ஒளிதான் அதில் தெரிகிறது என்று யாரும் கவனிக்கவில்லை. நான் அதை மேசைக்கடியில் திணித்தேன். குழாய் கன்னங்கரேலென்று இருந்தது. அப்படியொரு இருட்டைப் பார்த்து நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

உதவித்தொகை நீண்டது. வாசலில் காத்திருந்த அண்ணன் கசங்கிய கோட்டைத்தான் முதலில் பார்த்தார். "ஏன் கண்ணு இப்படிக் கசக்கிட்டே?"

"கெடைச்சுருச்சுண்ணா" என்றார் அக்கா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எல்லாரும் அசந்துட்டாங்க. கோட்டு அத்தனை வெள்ளை."

அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. கடைசிவரை அவரிடம் யாரும் உண்மையைச் சொல்லவில்லை.

நேற்றும் கல்லாக்காரரின் சட்டைக் கை நீலமாக ஒளிர்ந்தது. வீட்டில் யாரோ அவருக்கு அக்கறையாகத் துவைத்துப் போடுகிறார்கள்.