ஸ்டெப் விட்டால் மார்க் இல்லை

செல்வராணி டீச்சர் போய்விட்டார் என்ற செய்தி, மூன்றாவது பீரியடில், பள்ளி வாட்ஸ்அப் குழுவில் வந்தது. ஒரு மெழுகுவர்த்திப் படம், கீழே 'இறைவன் அழைத்துக்கொண்டான்' என்று அவருடைய அண்ணன் பாண்டியன் எழுதிய வாசகம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இறைவன் தலையில் பழியைப் போடாதீர்கள், பாண்டியன். டீச்சரை அறிந்தவர்கள் எல்லோரும் இதைப் படிப்பீர்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இலுப்பூர்ப் பக்கம் ஒரே உயர்நிலைப் பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகள் அவர் கணக்கு, நான் அறிவியல். விடை சரியாக இருந்தாலும் நடுவில் ஒரு வரி விட்டிருந்தால், அந்த இடத்தில் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவார். "ஸ்டெப் விட்டா மார்க் கெடையாது சாமி" என்பார். தலைமையாசிரியர் மகனுக்கே அரை மார்க் குறைத்தார். தலைமையாசிரியர் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. டீச்சர் அசரவே இல்லை.

மாதவிலக்கு நின்று நான்கு வருடம் கழித்து மறுபடி இரத்தம் பட்டபோது என்னிடம்தான் சொன்னார். திருச்சிக்குக் கூட்டிப்போனேன். கருப்பை உள்சுவரில் புற்றுநோய், ஆரம்ப நிலைதான் என்றார் அங்கிருந்த பெண் மருத்துவர். ரோபோ உதவியோடு சிறு துளைகள் வழியாகக் கருப்பையை எடுக்கலாம். சாயம் செலுத்தி, அது முதலில் போய்ச் சேரும் நிணநீர்க் கணுக்களையும் எடுத்துச் சோதிக்க வேண்டும், நோய் பரவியிருக்கிறதா என்பது அதில்தான் தெரியும் என்றார்.

"மெஷினே அறுக்குமா?" என்று கேட்டார் டீச்சர்.

"நான்தாம்மா அறுப்பேன். அது என் கை மாதிரி."

டீச்சர் சிரித்துவிட்டார். தேதி குறித்தோம்.

அந்தத் தேதி காப்புக் கட்டுக்குப் பிறகு விழுந்தது. அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால், தேர் முடியும்வரை பதினைந்து நாள் ஊர்க்காரர் யாரும் எல்லை தாண்டி இராத்தங்கக் கூடாது. பாண்டியன்தான் திருவிழாக் கமிட்டித் தலைவர். மருத்துவருக்குப் போன் செய்தேன். பதினைந்து நாளில் ஒன்றும் குடிமுழுகிப் போகாது, தேர் முடிந்ததும் வரட்டும் என்றார். அதைப் பாண்டியனிடம் போய்ச் சொன்னேன்.

"புத்துநோய வச்சுக்கிட்டுச் சும்மா ஒக்காந்திருக்கச் சொல்றீங்களா? நம்மூரு ஆஸ்பத்திரியிலயே எடுத்துப்புடலாம். எல்லையும் தாண்ட வேணாம்."

"இங்க கணு பாக்க மாட்டாங்கண்ணே."

"பைய எடுத்துட்டா நோவு போச்சு. அப்பறம் கணு என்ன, முடிச்சு என்ன? ஒங்க பாடத்தையெல்லாம் பிள்ளைகளுக்கு நடத்துங்க டீச்சர்."

அரை மார்க்குக்குத் தலைமையாசிரியரையே எதிர்த்த மனுஷி, "அண்ணன் சொன்னாச் சரித்தான்" என்று தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை. செத்துப்போனார் என்பதற்காக ஆறவும் ஆறாது. நான் மட்டும் என்ன கிழித்தேன்? "ஒங்க இஷ்டம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தேன். கையைப் பிடித்து இழுத்து பஸ்ஸில் ஏற்றியிருக்க வேண்டும்.

உள்ளூரிலேயே வயிற்றைத் திறந்து எடுத்தார்கள். தேரன்று பாண்டியன் வீட்டில் எல்லோருக்கும் கேசரி. ஒன்றரை வருடத்தில் டீச்சருக்கு இடுப்பு வலி, கால் வீக்கம். மறுபடியும் திருச்சி. அதே மருத்துவர் உள்ளூர் ஆஸ்பத்திரியின் பழைய அறிக்கையைப் புரட்டினார். "அன்னைக்கே கணுவப் பாத்திருந்தாப் பொழைச்சிருப்பாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா தெரிஞ்சிருக்கும். அடுத்த வைத்தியத்த அப்பவே ஆரம்பிச்சிருப்போம்." பாண்டியனும் பக்கத்தில்தான் நின்றார்.

கடைசியாகப் பார்க்கப் போனபோது டீச்சர் அந்த அறிக்கையைத் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கருப்பை, சினைப்பை என்று வரிசையாக விவரம். கடைசியில் 'நிணநீர்க் கணுக்கள்: சோதனைக்கு அனுப்பப்படவில்லை' என்று ஒரு வரி. அதைச் சுற்றிச் சிவப்புப் பேனா வட்டம், கோணலாக.

"அண்ணன்ட்ட காட்டிராதீங்க. பாவம், வெசனப்படும்" என்றார்.

டீச்சரின் ஞாபகமாக என்னிடம் இருப்பது அந்த ஒரு தாள்தான். பதினாறாம் நாள் காரியத்துக்கு வருகிறேன், பாண்டியன். டீச்சர் என்னை மன்னிக்கட்டும், அதைக் கொண்டுதான் வருகிறேன்.