கவருக்குள் நான் வைத்த சிபாரிசு

“மாமா, அந்தக் கவருக்குள்ள வேற என்னா வெச்சீங்க?”

செவ்வாய்க்கிழமை காலை சிதம்பரத்திலிருந்து போன். பேசியது நிலவழகி. தேவனாம்பட்டினத்தில் இருக்கும் என் தங்கையின் மகள். சட்டம் படிக்கிறாள் – கடைசி வருஷம்.

சட்டமன்றத்தில் சட்ட மாணவர்களுக்கு ஒரு மாத இன்டர்ன்ஷிப் என்று அறிவிப்பு வந்திருந்தது. ஒரு மசோதாவை எப்படி எழுதுகிறார்கள், யார் எங்கே திருத்துகிறார்கள் என்று பக்கத்திலிருந்தே பார்க்கலாம். கடைசி வருஷப் பிள்ளைகளுக்கு மட்டும்தான். விட்டால் அவளுக்கு இன்னொரு தடவை கிடையாது. ‘ஏன் வர விரும்புகிறீர்கள்?’ என்ற கேள்விக்கு, கடற்கரையில் வீடு கட்ட அனுமதி கேட்டு அவள் அப்பா எத்தனை ஆபீஸ் படி ஏறி இறங்கினார் என்று எழுதியிருந்தாள். நான் இரண்டு தடவை படித்தேன்.

அவளுக்குப் பரீட்சை நேரம். “ஸ்பீடு போஸ்ட்ல மட்டும் போட்டுடுங்க மாமா” என்று கடலூர் வந்தபோது கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

போட்டிருக்கலாம். ஆனால் நமக்குக் கை சும்மா இருக்குமா? லெட்டர்பேடு இல்லாமல் இந்த நாட்டில் எது நடந்திருக்கிறது? ரேஷன் கார்டில் பெயர் சேர்க்கக்கூட யாரையாவது பார்த்துவிட்டுத்தானே போகிறோம்? சின்னப் பெண், உலகம் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

குறிஞ்சிப்பாடி பக்கம் ஒரு கட்சிப் பிரமுகர். இரண்டரை மணி நேரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். “நம்ம பொண்ணா? ஜாஸ்தி வேணாம், நாலு வரி போதும்” என்று பச்சை மையில் கையெழுத்துப் போட்டார். அந்தக் கடிதத்தை விண்ணப்பத்துக்கு மேலேயே வைத்து, பின் அடித்து, கவரை ஒட்டி அனுப்பினேன். பெரிய காரியம் சாதித்த திருப்தி...

இப்போது பதில் வந்திருக்கிறது. சிபாரிசுக் கடிதம் இணைக்கப்பட்டுள்ளதால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

“ரூல்ஸ்லயே போட்டிருந்தாங்களே மாமா... ஒன்பதாவது பாயின்ட்ல.”

அந்தத் தாளும் என் கையில்தான் இருந்தது. நான் படிக்கவில்லை. வாரா வாரம் இந்தப் பத்தியில் உங்களுக்கு நியாயம் எழுதுகிறவன்! விதியெல்லாம் ஆள் பலம் இல்லாதவர்களுக்கு என்று எப்போதோ முடிவு கட்டிவிட்டேன் போலிருக்கிறது. கோபப்படக்கூடத் தெம்பில்லை. என்னை நினைத்தால் எனக்கே அலுப்பாக இருக்கிறது.

அன்று மதியமே பஸ் பிடித்து சிதம்பரம் போனேன். ஹாஸ்டல் வாசலில் நின்றாள். கண்கள் சிவந்திருந்தன. திட்டவில்லை, எதிர்க்கடையில் எனக்கு டீ சொன்னாள். அது இன்னும் வலித்தது.

“நீ கவலப்படாதம்மா” என்று ஆரம்பித்தேன். “மெட்ராஸ்ல எனக்கு ஒருத்தரத் தெரியும். அவரப் புடிச்சு ஒரு வார்த்த...”

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே உறைத்தது, மறுபடியும் சிபாரிசு. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கோவம்லாம் இல்ல மாமா. ஆனா இனிமே எதுக்கு அப்ளை பண்ணாலும் உங்ககிட்ட சொல்லமாட்டேன்.”

தீர்ப்பு சரிதான். அப்பீலுக்குப் போக எனக்கு முகமில்லை.