செஞ்சிக் கோட்டையில் எனக்கு வந்த இழுப்பு

எனக்கு மூச்சிழுப்பு நோய் கிடையாது. சின்ன வயதில் ஒரு தரம் அம்மை போட்டது, ஒரு தரம் மஞ்சள் காமாலை வந்தது, அதோடு சரி. ஆனால் என் அக்காவின் புகுந்த வீட்டில் யாரைக் கேட்டாலும், "பாவம், அந்தப் பொண்ணுக்கு சின்ன வயசுலேர்ந்தே இழுப்பு" என்பார்கள். அந்த நோய் எனக்கு வந்தது செஞ்சிக் கோட்டையில், எழுபதுகளின் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்.

இழுப்பு அக்காவுக்குத்தான். பத்து வயதிலிருந்து. கார்த்திகை பிறந்தால் எங்கள் வீட்டில் அகல் விளக்கைத் தேடுவதற்கு முன்னால் ஆடாதொடை இலை காய்ச்சும் சட்டியைத் தேடுவோம். தீபத்தன்று திருவண்ணாமலையே மலை சுற்றப் போகும். எதிர் வீட்டில் தடி ஊன்றி நடக்கும் கிழவர்கூடப் போவார். அக்கா மட்டும் வாசலில் நின்று, உச்சியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே வந்துவிடுவாள். இந்த ஊரில் எதை மறைத்தாலும் மறைக்கலாம், மலை சுற்றாததை மறைக்க முடியாது.

அக்காவைப் பார்க்க இரண்டு இடத்திலிருந்து வந்தார்கள். இரண்டு முறையும் பெரிய கோயிலில், தற்செயலாகச் சந்தித்துக்கொண்டதுபோல. பிடிக்கவில்லை என்றால் யாருக்கும் மானக்கேடு இல்லையே, அதற்காக அப்படி ஒரு வழக்கம். இரண்டு முறையும் வந்தவர்கள் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு, வெளியே போய் ஒரு டீ குடித்தார்கள். டீக்கடையிலேயே எல்லாம் முடிந்தது.

மூன்றாவது இடம் திண்டிவனம் பக்கம். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். அவருக்கு அம்மா மட்டும்தான், எங்களுக்கு அப்பா மட்டும் இருந்ததுபோல. அந்தம்மாவே சொல்லி அனுப்பினார்: "கோயில் வேணாம், செஞ்சிக் கோட்டையில வச்சிக்கலாம். ரெண்டு பேருக்கும் நடுவாந்தரம்." அப்பாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. செஞ்சியில் நம்மைத் தெரிந்த டீக்கடை ஒன்றும் கிடையாது, தெய்வமே பார்த்து வழி விட்டது என்றார். அந்த வழி எங்கே போகிறது என்று கேட்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

கீழ்பென்னாத்தூர் வழியாகப் போகிற பஸ்ஸில், செஞ்சி ஊருக்கு முன்னாலேயே கோட்டைச் சுவர் வந்துவிடும். இறங்கி உள்ளே போனோம். கல்யாண மகாலுக்குப் பக்கத்தில் ஒரு மர நிழலில் ஜமக்காளம் விரித்து அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தம்மா எங்கள் இருவருக்கும் கதம்பம் கிள்ளிக் கொடுத்தார். நல்ல முகம். சாப்பாட்டைப் பிரிப்பதற்கு முன்னால் மலையைக் காட்டிச் சொன்னார்.

"வந்ததுதான் வந்தோம், புள்ளைங்க மேல ஏறிப் பாத்துட்டு வரட்டுமே. எனக்கு முட்டி வலி ஜாஸ்தி, நான் இங்கியே இருக்கேன்."

சொன்னபோது அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. நெஞ்சைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவர்களுக்கும் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கேட்டால் நாங்கள் இல்லை என்போம் என்று தெரிந்து, கேட்காமலே தெரிந்துகொள்ள ஒரு மலையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

அப்பா அந்த ராஜகிரி மலையை அண்ணாந்து பார்த்தார். "வெயில் ஏறுதுங்களே" என்றார். "இப்ப என்னாங்க, காலங்காத்தாலதானே" என்று அந்தம்மா சிரித்தார். அப்பா என்னைப் பார்த்தார். பத்தொன்பது வயசுப் பெண்ணைப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

கைகழுவுகிற சாக்கில் அக்காவைக் குளத்துப் பக்கம் கூட்டிப்போய், கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த மாத்திரையை எடுத்தேன். "ரெண்டு குடுடி" என்றாள். ஒன்றுக்குமேல் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இரண்டு கொடுத்தேன். அக்கா கரையேறினால்தான் எனக்கும் கல்யாணம். அந்த நினைப்பும் எனக்கு இருந்தது, மறைப்பானேன்.

மாப்பிள்ளை முன்னால் ஏறினார். கதை சொல்லிக்கொண்டே ஏறுகிறவர். "இந்தக் கோட்டைய லேசுல யாரும் ஏறிப் புடிக்கலையாம். கீழ சுத்தி உக்காந்துகிட்டு, உள்ள இருக்கறவங்க எப்ப தளர்றாங்கன்னு பாத்துகினே இருப்பாங்களாம்." நான் திரும்பிக் கீழே பார்த்தேன். மரத்தடியில் அந்தம்மா முகத்தை உயர்த்தி உட்கார்ந்திருந்தார்.

கொஞ்ச தூரத்தில் அக்காவின் நெஞ்சிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. எங்கோ அடைபட்ட பூனைக்குட்டி கத்துவதுபோல இருக்கும். எனக்கு மட்டும் பழக்கமான சத்தம். நான் சட்டென்று படியில் உட்கார்ந்து, "எனக்கு மூச்சு வாங்குது" என்றேன். மாப்பிள்ளை பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்தார். அக்கா எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவினாள். மாத்திரையால் அவள் கை நடுங்கியது. அதன் பிறகு உச்சி வரைக்கும் அதுதான் நடந்தது. அவள் முகம் வெளுக்கும்போதெல்லாம் எனக்குக் கால் வலித்தது. அவள் நெஞ்சு சத்தம் போடும்போதெல்லாம் நான் இருமினேன். பாதி வழியில் இருந்த அம்மன் கோயிலில் நான் உட்கார்ந்த விதத்தைப் பார்த்துவிட்டு, "திரும்பிடலாமா?" என்று மாப்பிள்ளை அக்காவைக் கேட்டார். வேண்டாம் என்று தலையாட்டினாள். அவளால் பேச முடியவில்லை, அடக்கம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

உச்சிக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து கிடக்கும், குறுக்கே ஒரு பாலம். நான் இந்தப் பக்கமே உட்கார்ந்துவிட்டேன். அக்கா அவரோடு அந்தப் பக்கம் போய்ச் சுவரோரம் நின்றாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

கீழே வந்ததும் மகன் அம்மாவிடம் சொன்னார்: "அவங்க நல்லா ஏறிட்டாங்கம்மா. இந்தப் பொண்ணுதான் பாவம், வழியெல்லாம் இருமல்."

அந்தம்மா என்னையே பார்த்தார். முகம் மெல்லத் தெளிந்தது. "அட, இழுப்பு சின்னவளுக்கா? எங்ககிட்ட பெரியவளுக்குன்னு மாத்திச் சொல்லிட்டாங்க."

அப்பா வாயைத் திறந்து மூடிக்கொண்டார். அக்கா தரையைப் பார்த்தாள். நானும் வாயில் கொழுக்கட்டை வைத்ததுபோல நின்றேன். தை மாதம் கல்யாணம் நடந்தது.

அதற்குப் பிறகு எனக்கு வந்த இடங்களெல்லாம் எப்படியோ அக்கா வீட்டுப் பக்கம் விசாரித்துவிட்டுத்தான் வந்தன, அல்லது வராமல் போயின. எனக்கு நோய் இல்லை என்று நான் சொல்ல முடியாது. அப்படியானால் யாருக்கு என்று அடுத்த கேள்வி வரும். நான் வேலைக்குப் போனேன். கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அக்கா வருஷத்தில் இரண்டு மூன்று முறை எங்கள் வீட்டுக்கு வருவாள், செருப்பைக் கழற்றியதும் சுவரில் சாய்ந்து இழுக்கத் தொடங்குவாள். இரண்டு நாள் முழுக்க இழுப்பாள். பெண்கள் பிறந்த வீட்டுக்கு ஓய்வெடுக்க வருவார்கள், இவள் இழுக்க வந்தாள். அதைப் பார்த்தபின் கோபத்தை எங்கே வைத்துக்கொள்வது?

"அங்க எப்படிக்கா சமாளிக்கற?" என்று ஒருமுறை கேட்டேன்.

"மாவாட்டறப்ப இழுத்துக்குவேன். ஆட்டுக்கல் சத்தத்துல கேக்காது."

அவள் வீட்டுக்கு எப்போது போனாலும் தோசைதான். மாத்திரைக்குப் பஞ்சமில்லை. அக்காவின் வீட்டுக்காரர், மாமாவே மாதாமாதம் வாங்கி, "ஊருக்குப் போறப்ப உன் தங்கச்சிகிட்ட குடு" என்று அவளிடம் கொடுப்பார், அதை அவளே போட்டுக்கொள்வாள். நல்ல மனுஷர். அவரைத் திட்டக்கூட எனக்கு வழியில்லை.

எண்பதுகளின் நடுவில் மாமாவுக்குப் பிள்ளைகளுக்குக் கோட்டையைக் காட்ட வேண்டும் என்று ஆசை வந்தது. என்னையும் வரச் சொல்லிக் கடிதம் போட்டார். அதே மரம், அதே ஜமக்காளமாகக்கூட இருக்கலாம். அக்காவின் மாமியாரான அத்தை இன்னும் பருத்து, கையில் விசிறியோடு உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

நான் எழுந்தேன். மாமா கையமர்த்தினார். "நீ வேணாம்மா. போன தடவ பட்ட பாடு போதும். அம்மாகூட இரு." சட்டைப் பையிலிருந்து மாத்திரைப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். "இந்த மாசத்துது. உங்கிட்டயே குடுத்துடலாம்னு எடுத்தாந்தேன்."

அக்கா அந்தப் பொட்டலத்தைப் பார்த்தாள். பிறகு என்னை.

"அக்காவும் இருக்கட்டும் மாமா, எனக்குத் துணைக்கு" என்றேன்.

"உங்க அக்காவா? அவ ஏறினதப் பாத்துதானே கட்டிகினேன்" என்று அவர் பிள்ளைகளிடம் பெருமையாகச் சொன்னார். அக்கா சிரித்தாள். ஏறினாள்.

அரக்குச் சேலை. பாறைகளுக்கு நடுவில் நன்றாகத் தெரிந்தது. முன்னால் பிள்ளைகள் ஓடினார்கள், மாமா அவர்களைத் துரத்திக்கொண்டு போனார். அம்மன் கோயிலுக்குக் கொஞ்சம் கீழே அரக்குச் சேலை நின்றது. நகரவில்லை. மேலே கால் வலிக்கிறது என்று சொல்ல யாரும் இல்லை. இருமவும் யாரும் இல்லை.

பொட்டலத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எங்கம்மா போற? உனக்கு ஒத்துக்காது. உக்காரு."

என்னை உட்காரவைத்து, என் முகத்துக்கு நேரே விசிறத் தொடங்கினார். நான் உட்கார்ந்தேன். மேலே அரக்குச் சேலை மறுபடியும் நகர்ந்தது, உச்சியைப் பார்த்து.